தாங்கியா, கூரைத் தண்ணீரா, வாஷரா: மலைநாட்டு நகர வீட்டில் முதல் காசை எதில் போடுவது?

வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு இந்த வருஷம் கொஞ்சம் காசு ஒதுக்க முடியும் என்றால் அதை எதில் போடுவது? ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, கம்பளை என்று எந்த டவுனில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பெரும்பாலும் வரும் யோசனை ஒன்றுதான்: "பெரிய டேங்க் ஒன்னு வாங்கிப் போட்டா சரியாப் போயிரும்தானே?" சிலர் கூரைத் தண்ணீரைப் பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். ஊற்றிலிருந்து பைப் இழுப்பது, குழாய்க் கிணறு அடிப்பது, வறட்சி வந்தால் பௌசருக்கு (தண்ணீர் லொறிக்கு) சொல்வது என்று மற்ற வழிகளும் உண்டு. கசியும் டெப்புக்கு வாஷர் மாற்றுவது போல வீட்டுக்குள் திருத்துவதை யாரும் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நான் அதைத்தான் முதலில் வைப்பேன். அதற்குப் பிறகு தாங்கி, பிறகு கூரைத் தண்ணீர். வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்துப் பின்னிரண்டும் இடம் மாறலாம். முதலாவது மாறாது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு விதமான தட்டுப்பாடு

நம் பக்கத்தில் தண்ணீர் நிற்பதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மழை இல்லாமல் ஊற்றும் ஓடையும் வற்றுவது. மற்றது, மழை கொட்டுவதால் நிற்பது. ஆறு கலங்கிச் சுத்திகரிக்க முடியாமல் போகும், அல்லது மண் சரிந்து குழாய் உடையும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் எவ்வளவோ வீடுகள் வெளியே வெள்ளமும் உள்ளே காய்ந்த டெப்புமாக இருந்தன. இந்த இரண்டு தட்டுப்பாட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. எதற்காகச் செலவு செய்கிறோம் என்று தெரியாமல் வாங்கினால், தேவையான நாளில் தாங்கி காலியாக இருக்கும்.

வறட்சிக் காலமும் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாமல் பெய்யும். வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே கஷ்டம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கம் இது தலைகீழ். பதுளை, பசறை, பண்டாரவளைக்கு வடகீழ் பருவமழைதான் பெரிய மழை. ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கொடுப்பதும் அந்தக் காற்றுதான், வீட்டுத் தாங்கியைக் காய வைப்பதும் அந்தக் காற்றுதான். அதனால் ஹட்டனில் இருக்கும் மச்சான் சொல்லும் யோசனை பண்டாரவளையில் இருக்கும் அக்காவுக்கு அப்படியே பொருந்தாது.

வீட்டுக்குள் திருத்துவது

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீடு. குளிக்க ஆளுக்கு 40 லீட்டர் என்றால் 160. கொமட்டில் பழைய தொட்டி, ஒரு முறை அழுத்தினால் 9 லீட்டர் போகும். ஆளுக்கு ஐந்து முறை என்று வைத்தால் 180. உடுப்புத் துவைக்க நாளுக்கு 70, சமையலறைக்கு 60. மொத்தம் 470 லீட்டர்.

இதே வீட்டில் இரண்டு பொத்தான் உள்ள தொட்டியைப் பூட்டினால் சின்னதுக்கு 3, பெரியதுக்கு 6 லீட்டர்தான் போகும். ஐந்து முறையில் ஒன்று மட்டும் பெரியது என்றால் கழிவறைக் கணக்கு 180இலிருந்து 72க்கு வந்துவிடும். குளிப்பதை ஆளுக்கு 30 ஆக்கி, கடைசியாக அலசிய தண்ணீரை அடுத்த துவையலின் முதல் தண்ணீராக எடுத்துக்கொண்டு, சமையலறையிலும் கொஞ்சம் கவனம் வைத்தால் மொத்தம் சுமார் 280 லீட்டரில் நிற்கும். யாரும் குளிக்காமல் இருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லீட்டர் வேண்டும் என்கிறது. 280 லீட்டரை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 70 வருகிறது, அந்த அளவுக்குள்தான் இருக்கிறோம்.

இப்போது தாங்கியைப் பாருங்கள். 1000 லீட்டர் தாங்கி முதல் வீட்டுக்கு இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல் வரும். இரண்டாவது வீட்டுக்கு மூன்றரை நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில நேரம் மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடும் காலத்தில், தப்பிப்பதற்கும் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தண்ணீர்ச் செலவைக் குறைக்கும்போது நீங்கள் 600 லீட்டருக்கும் மேல் அதிகம் கொள்ளும் தாங்கி ஒன்றை வாங்கியதற்குச் சமம், அதை வைக்க இடமும் தேட வேண்டியதில்லை.

பில்லிலும் தெரியும். ஒரு யூனிட் என்பது 1000 லீட்டர். 470 லீட்டர் வீட்டுக்கு மாதம் 14 யூனிட், 280 லீட்டர் வீட்டுக்கு எட்டரை. நீர் வழங்கல் சபையின் கட்டணம் ஐந்து ஐந்து யூனிட்டாகப் படி ஏறுகிறது, மேல் படியில் ஒரு யூனிட்டுக்கு விலை கூட. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணத்தை ஏற்றிய பிறகு இந்தப் படிகள் நன்றாகவே உறைக்கின்றன. கண்டி போன்ற இடங்களில் மாநகர சபையே தண்ணீர் கொடுக்கிறது, அங்கே உங்கள் பில்லின் கணக்கைத் தனியாகப் பாருங்கள்.

திருத்துவதற்கு முன் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். இரவு படுக்கும் முன் எல்லா டெப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் மறுபடி பாருங்கள். மேலே தாங்கி இருந்தால் அதற்குப் போகும் வால்வையும் மூடிவிட்டுத்தான் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தாங்கி நிரம்புவதும் கணக்கில் சேர்ந்துவிடும். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் தாங்கிக்கும் இடையில் கசிவு, தாங்கி இல்லாத வீட்டில் அது எங்கேயும் இருக்கலாம். நகரவில்லை என்றால், கசிவு இருந்தாலும் அது தாங்கிக்குப் பிறகுதான்.

அங்கே முதல் சந்தேகம் கழிவறைத் தொட்டி மேல்தான். கேக்குக்குப் போடும் கலரிங் கொஞ்சம் தொட்டித் தண்ணீரில் கலந்து, அரை மணி நேரம் யாரையும் போகவிடாமல் வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் அடியில் உள்ள ரப்பர் போய்விட்டது. இந்தக் கசிவில் சத்தம் வராது, நூல் மாதிரி சுவரோடு ஒட்டி இறங்கும். அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. டெப் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அளவு தெரியாது. கீழே ஒரு தம்ளரை வையுங்கள். 200 மில்லிலீட்டர் தம்ளர் கால் மணி நேரத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 19 லீட்டர், மாதத்துக்கு அரை யூனிட்டுக்கு மேல். இதற்கு வேண்டியது ஒரு வாஷரும் ஒரு ஸ்பானரும். ஹார்ட்வெயார் கடையில் வாஷரின் விலை ஒரு பிளேன்டியின் விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

பழைய வழக்கத்தில் நல்லது ஒன்று இருக்கிறது. விறகடுப்பில் ஒரு பானை சுடுதண்ணீர் வைத்து, வாளியில் பச்சைத் தண்ணீரோடு கலந்து குளிப்பவர்கள் ஷவரில் நிற்பவர்களை விட மிகக் குறைவாகச் செலவழிக்கிறார்கள். ஷவர் நிமிடத்துக்குச் சுமார் 10 லீட்டர் இறைக்கும். நுவரெலியாக் குளிரில் ஐந்து நிமிடத்தில் வெளியே வர யாருக்கும் மனசு வராது. கீசர் பூட்டியவர்கள் சூடு வரும்வரை ஓடும் பச்சைத் தண்ணீரையாவது ஒரு வாளியில் பிடித்தால் கழிவறைக்கு ஆகும். கீரை, லீக்ஸ், கரட் கழுவுவதும் அப்படித்தான். மண்ணோடு வரும் மரக்கறியை ஓடும் தண்ணீரில் பிடிக்காமல் ஒரு பேசினில் ஊறவைத்தால், மண் தானாக அடியில் படியும். அந்தத் தண்ணீரைப் பூச்சட்டிக்கு ஊற்றலாம்.

தாங்கி

உள்ளே திருத்திய பிறகும் மூன்று நாளைக்கு மேல் டெப் காயும் ஊர் என்றால் தாங்கிக்குச் செலவழிக்கலாம். முன்னால் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், கசியும் வீட்டில் பெரிய தாங்கி வைத்தால் பெரிய அளவில் கசியும், அவ்வளவுதான்.

மலைச்சரிவில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. தாங்கி வைக்கத் தூண் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் மேலே உறுதியான இடம் இருந்தால் அங்கேயே வைக்கலாம். 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், மோட்டார் இல்லாமலே வீடு முழுக்கத் தண்ணீர் வரும். ஆனால் 1000 லீட்டர் தண்ணீர் ஒரு தொன் எடை. அதை வெட்டிய மண் மேட்டின் விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறார்கள் சிலர். பார்க்கவே பயமாக இருக்கும். விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, கொங்கிரீட் தளம் போட்டு வையுங்கள். பழைய வீட்டின் கூரைக்கு மேல் ஏற்றுவதாக இருந்தால் மேசன் பாஸிடம் சுவரைக் காட்டிக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

எந்த அளவு? ஒரு நாள் செலவை, உங்கள் ஊரில் வழக்கமாகத் தண்ணீர் வராமல் இருக்கும் நாட்களால் பெருக்கி, அதோடு ஒரு நாளைக் கூட்டுங்கள். 280 லீட்டர் வீடு, மூன்று நாள் வெட்டு என்றால் 1120 வருகிறது, ஆயிரம் லீட்டரே கிட்டத்தட்டப் போதும். 470 லீட்டர் வீட்டுக்கு 2000 வேண்டும். இரண்டு தாங்கிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இரண்டு பொத்தான் தொட்டி ஒன்று வாங்கக் காசு வந்துவிடும்.

ரோட்டுக்கு மேலே இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். பகலில் கீழ் வீடுகள் எல்லாம் திறந்திருக்கும்போது மேலே அழுத்தம் வராது, நடு இரவில்தான் ஏறும். இவர்களுக்குத் தாங்கி ஆடம்பரமல்ல, மிதவை வால்வு பூட்டிய சின்னத் தாங்கி இருந்தாலே தூக்கம் கெடாது. மெயின் குழாயில் நேரே மோட்டார் பூட்டி உறிஞ்சுவதை மட்டும் செய்யாதீர்கள். சபை அதை அனுமதிப்பதில்லை. அதோடு, உறிஞ்சும்போது குழாயின் வெடிப்புகள் வழியாகக் கானில் ஓடும் அழுக்கும் உள்ளே வரும், அதைக் குடிப்பது உங்கள் வீடு மட்டுமல்ல. கம்பளையில் 2007இல் ஹெபடைடிஸ் ஏ (அழுக்குத் தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலை) பரவியதை அந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கூரைத் தண்ணீர்

எனக்குப் பிடித்த தெரிவு இது. ஆனாலும் மூன்றாவது இடத்தில் வைக்கிறேன்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீட்டர். 500 சதுர அடிக் கூரை சுமார் 46 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு 460 லீட்டர், சிதறியது போக 370ஆவது கைக்கு வரும். திருத்திய வீட்டில் கழிவறைக்கும் துவைப்பதற்கும் ஒரு நாளைக்கு 120 லீட்டர் போதும். அப்படியானால் ஒரு மழை மூன்று நாளுக்குக் காணும். ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் அந்த இரண்டு வேலைக்கும் குழாய்த் தண்ணீரே தேவைப்படாது. குழாய் உடைந்து டெப் காய்ந்திருக்கும் மழை நாட்களிலும் இதுதான் கைகொடுக்கும்.

வறட்சிக்கு? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெப்ரவரியில் மூன்று வாரம் மழை இல்லை என்றால் 2500 லீட்டர் வேண்டும். ஆயிரம் லீட்டர் மழைத் தாங்கி எட்டாம் நாளே காலி. ஊவாப் பக்கத்துக் காய்ந்த மாதங்களுக்கு இன்னும் மோசம். 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர் வழங்கல் திட்டத்தில் வீட்டுக்கு வீடு மழைத் தாங்கி கட்டிக் கொடுத்தபோது 5000 லீட்டர் அளவில் கட்டினார்கள், பூசணிக்காய் போல உருண்டையாக இருக்கும் சீமெந்துத் தாங்கிகள். 120 லீட்டர் வீதம் அது நாற்பது நாளுக்கு வரும். தோட்டக்காணியில் இடம் இருக்கிறவர்களுக்கு அது நல்ல தெரிவு. டவுனில் மூன்று பேர்ச்சஸ் காணியில் சுவரோடு சுவராக வீடு கட்டியிருப்பவர்கள் அந்தத் தாங்கியை எங்கே வைப்பது?

புதிதாக வீடு கட்டுபவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தைத் திருத்தி, மாநகர, நகர சபை எல்லைக்குள் புதுக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வழி செய்தார்கள். பிளான் அனுமதிக்குப் போகும்போது உங்கள் கட்டடத்துக்கு அது பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். அத்திவாரம் வெட்டும்போதே தாங்கிக்கு இடம் ஒதுக்குவது, குடிவந்த பிறகு இடம் தேடுவதை விட மிக மலிவு.

பூட்டும் முறையில் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. முதல் மழையில் வருவது கூரையில் கிடந்த சருகு, தூசி, காக்கை எச்சம் எல்லாம்தான். பீலியிலிருந்து தாங்கிக்குப் போகும் வழியில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றை மூன்று மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி, அடியை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். முதல் 25 லீட்டர் அழுக்குத் தண்ணீர் அதில் நிரம்பிய பிறகுதான் மற்றது தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து ஊற்றிவிடலாம். குளிர்காலம் என்றாலும் தாங்கி வாயில் நுளம்பு வலை கட்டாயம். கண்டி, மாத்தளை, பதுளைச் சூட்டில் வலை இல்லாத தாங்கி டெங்கு நுளம்புக்கு வீடாகிவிடும். 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. வாளி, பீப்பாக்களை வாரம் ஒரு முறையாவது உட்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். அஸ்பெஸ்டஸ் கூரை, பெயின்ட் உரியும் தகரம் என்றால் அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வேண்டாத ஒரு முறை

சென்னையில் மழைநீரைக் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குவதை யூடியூபில் பார்த்துவிட்டு, அதையே இங்கும் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சமதரையில் அது நல்ல வேலை. நம் சரிவுகளில் நிலத்துக்குள் தண்ணீரை இறக்குவது மண்ணை நனைத்துப் பாரமாக்கித் தளர்த்தும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்திருக்கும் இடத்தில் உறிஞ்சு குழி வேண்டாம். குளித்த தண்ணீரை மேட்டிலிருந்து அப்படியே கீழே விடுவதும் வேண்டாம். மழைத் தாங்கி நிரம்பி வழியும் தண்ணீரைக் கூடக் குழாய் வைத்துக் கானுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் முன்பு தண்ணீர் இல்லாத இடத்தில் திடீரென்று கசிந்தாலோ, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வந்தாலோ, அதைத் தண்ணீர் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராம சேவகருக்குச் சொல்லிவிட்டு வீட்டை விட்டு நகருங்கள்.

மற்றவை சுருக்கமாக

ஊற்றிலிருந்து அரை அங்குலப் பைப் இழுத்திருப்பவர்கள் அதை வெட்டிவிட வேண்டாம், இரண்டாவது வழியாக இருக்கட்டும். மேலே லயக் கழிவறையோ மருந்தடிக்கும் மரக்கறித் தோட்டமோ இருந்தால் அதைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. ஊற்றை மட்டுமே நம்பி வீடு கட்டுவதற்கு முன் பண்டாரவளையை நினைத்துப் பாருங்கள். உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்ததும் அந்தப் பகுதியில் எத்தனையோ கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிப்போயின.

குழாய்க் கிணறு ஒரு தனி வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். நம் மலை கடும்பாறை. வெடிப்பில் பட்டால் தண்ணீர், படாவிட்டால் காசு போனதுதான். நான்கைந்து வீடுகள் சேர்ந்து, ஆய்வு செய்த பிறகு வேண்டுமானால் பார்க்கலாம்.

பௌசரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து அறுபது படி கீழே இருக்கும் வீட்டுக்கு அதன் ஹோஸ் எட்டாது. தனியார் பௌசர் எங்கே நிரப்பியது என்றும் தெரியாது. வறட்சியில் நகர சபையோ பிரதேச சபையோ இலவசமாக விடும் பௌசருக்கு, பக்கத்து வீடுகள் சேர்ந்து முன்கூட்டியே கொள்கலன்களை ஒரே இடத்தில் வைத்தால் வயதானவர்கள் அலையாமல் இருப்பார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் கை வைக்க முடியாது. அவர்களுக்கு என் வரிசை இது: முதலில் வாஷர், பிறகு பழைய கழிவறைத் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லீட்டர் போத்தல், அதற்கப்புறம் மூடியுள்ள 200 லீட்டர் பீப்பா ஒன்று. போத்தலை மிதவையில் முட்டாத மூலையில் வைக்க வேண்டும். நாளுக்கு இருபது முறை அழுத்தும் வீட்டில் இருபது லீட்டர் மிஞ்சும். வீடு மாறும்போது போத்தலையும் பீப்பாவையும் எடுத்துக்கொண்டு போகலாம். பெரிய கசிவு இருந்தால் மீட்டர் படம் இரண்டையும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நேரம் தெரிகிற மாதிரி. வாயால் சொல்லும்போது கேட்காதவர்கள் எண்ணைப் பார்த்தால் பிளம்பரை அனுப்புகிறார்கள்.